சிலைகள் அசையாது என்பதால் மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தொடக்ககாலப் புகைப்படக்காரர்கள் சிலைகளை நாடியது, படம் பதிய நெடுநேரம் ஆனாலும் அவை அசையாது நிற்பதால்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதிதான். வெண்மையும் காரணம். படம் பதிய அன்று பயன்பட்ட, வெள்ளி உப்பு பூசிய தாள் நீல, ஊதா ஒளியைத்தான் நன்கு உணரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. வெள்ளை பிளாஸ்டர் வார்ப்பு எளிதில் பதியும், வெண்கலம் கறுத்துப்போகும்.

தாளில் படமெடுக்கும் முறையை உருவாக்கிய ஆங்கிலேயர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நூலின் 24 படங்களில் இரண்டு, கிரேக்கக் காவிய வீரன் பாட்ரோக்ளஸின் மார்பளவுச் சிலையுடையவை. அவர் சொல்லும் முறை இன்றைக்கும் பயன்படும். நேர் வெயிலில் நிழல் கரியாக விழும். சற்றுத் தள்ளி ஒரு பக்கம் வெள்ளைத் துணியைப் பிடித்தால், திரும்பி விழும் ஒளியில் நிழலுக்குள் இருக்கும் வடிவம் தெரியும். மேகமூட்டத்தில் நிழல் மென்மையாகும், ஆனால் பதிய நேரம் கூடும். பீடத்தில் சிலையைக் கொஞ்சம் திருப்பினாலே வேறு படம்!

குறை தாளில்தான். நெகட்டிவ் தாளின் நார் அச்சிலும் படிந்து, சிலையின் இமையும் தலைமுடிச் சுருளும் மழுங்கும். 1851இல் ஆங்கிலேயர் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை, கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் பூசிய கண்ணாடித் தட்டு, அதைத் தீர்த்தது. ஆனால் ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும்.

1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் படமெடுத்த அமராவதிச் சிற்பங்களும் வெளிறிய சுண்ணாம்புக்கல்தான்.

– வாசகர், சென்னை