கெரட்டின் என்றால் முடி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், "கெரட்டின் என்பது முடியிலும் நகத்திலும் உள்ள உயிரற்ற புரதம், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்திலேயே அரைப் பக்கத்துக்குக் கெரட்டின் ட்ரீட்மென்ட் விளம்பரம். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது, சரி. ஆனால் அந்த "அவ்வளவுதான்" யார் போட்டது?

தோலின் அடி அடுக்கில் இருக்கும் உயிருள்ள செல்களில் கெரட்டின் 5, கெரட்டின் 14 இரண்டும் ஜோடி சேர்ந்து இழையாக ஓடுகின்றன. செல் கிழியாமல் தாங்குவது அந்த இழைதான். என் மகளுக்குக் கெரட்டின் 14-இன் மரபணுவில் பிழை. செருப்பு வார் உரசினாலே கொப்புளம். சித்திரை வெயிலில் மஞ்சக்குப்பம் கடைத்தெரு வரை போய் வந்தால் குதிகாலில் நீர் கோத்துக்கொள்ளும். சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரை வடித்து, மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே படிய வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கோடைக்கால மாலைகள் இப்படித்தான் போகின்றன. இந்தக் கொப்புள நோய்க்குக் கெரட்டின் பிழைதான் காரணம் என்பதை 1991-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா?

கரு வெறும் செல் உருண்டையாக இருக்கும்போதே கெரட்டின் 8, 18 வந்துவிடுகின்றன. அப்போது முடி எங்கே, நகம் எங்கே? தசையில் டெஸ்மின், நரம்பில் நியூரோஃபிலமென்ட், செல்லின் உட்கருவைத் தாங்க லாமின் என்று மனிதனுக்குக் கெரட்டினையும் சேர்த்து இந்த இழைப் புரதக் குடும்பத்தில் சுமார் 70 மரபணுக்கள். லாமின் என்றதும் நினைவு வருகிறது. சிறுவயதிலேயே முதுமை தட்டிய ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டு "அதிசயச் சிறுவன்" என்று தலைப்பு வைத்தவர்களும் நீங்கள்தான். அந்த நோய்க்கு லாமின் மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்பது 2003-இல் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களும் பத்திரிகை படிப்பார்கள் ஐயா.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒருமுறை, கோடைக் கொப்புளம் என்றாலே ஒட்டுவாரொட்டி என்று வந்தது. அதை வெட்டி வைத்துக்கொண்டுதான் மகளின் பள்ளியில் அவளுக்குத் தனி பெஞ்சு போட்டார்கள். புதுச்சேரியில் பார்த்த தோல் டாக்டரின் சீட்டைக் காட்டினேன். அச்சில் வந்ததற்கு இருக்கும் மரியாதை அவர் கையெழுத்துக்கு இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். உயிருள்ள தோலிலும் கெரட்டின் உண்டு, அது பழுதாகி வரும் கொப்புளம் யாருக்கும் ஒட்டாது என்று இரண்டு வரி போடுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் புது கிளாஸ் டீச்சரிடம் வெட்டிக் கொடுக்க வேண்டும். விளம்பரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர்
(பெயர் வெளியிட வேண்டாம்)