ஒன்றுவிட்டு ஒரு மரம்

ஐயா,

ஜாம்ஷெட்ஜி டாடா என்றால் பலருக்கும் இரும்பு ஆலைதான் நினைவுக்கு வரும். எனக்கு, 1902ல் அவர் மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதம். ஆலை எந்த இடத்தில் வரும் என்பதே அப்போது முடிவாகவில்லை. அதற்குள் தொழிலாளர்கள் குடியிருக்கப்போகும் ஊரைப் பற்றிக் கவலைப்படுகிறார். தெருக்கள் அகலமாக இருக்கட்டும், நிழல் மரங்கள் நடு, அதில் ஒன்றுவிட்டு ஒன்று சீக்கிரம் வளரும் வகையாகப் பார்த்துக்கொள் என்கிறார். பூங்காவுக்கும் கால்பந்து, ஹாக்கி ஆடவும் தாராளமாக இடம். கோயில், மசூதி, தேவாலயத்துக்கும் இடம்.

அந்த 'ஒன்றுவிட்டு ஒன்று'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்று வேலைக்கு நடந்துபோகிறவருக்கு ஒரு மரம், அவர் பேரனுக்கு ஒரு மரம். பஞ்சாலை நடத்தியவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தோன்றியதோ! 1904ல் ஜெர்மனியில் காலமானார். அந்த ஊரை அவர் பார்க்கவே இல்லை. சாக்சி என்ற கிராமம் 1919ல் அவர் பெயரால் ஜாம்ஷெட்பூர் ஆனது.

எங்கள் தெருவில் போன வருடம் வடிகால் வேலைக்காக இரண்டு புங்க மரங்களை வெட்டினார்கள். சரி, வேலை நடக்கட்டும் என்று விட்டோம். பதிலுக்கு வைத்த கன்றுகள் பட்டுப்போய், கம்பிக்கூண்டு மட்டும் நிற்கிறது, நன்கொடை கொடுத்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு. அதில் பக்கத்து வீட்டுத் துண்டு காய்கிறது. பலகை எழுதிய செலவில் கோடைக்கு நாலு லாரி தண்ணீர் விட்டிருக்கலாமே?

வாசகர், திருச்சி