வீதிக்கு அழகு வரப்போகிறதாம்: செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

நம் கடைக்காரர்கள் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆயுத பூஜை, ரத்த தான முகாம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் இந்த ஆண்டும் நன்றாகவே நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நம் நேரத்தையெல்லாம் தின்றது வேறொரு விஷயம், வீதியை அழகுபடுத்தும் திட்டம்.

நேரு வீதியையும் காந்தி வீதியையும் ஒட்டிக் கடை வைத்திருக்கும் நமக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. 2017-ல் புதுச்சேரியை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்த்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டுவதா, இருப்பதையே சீர்செய்வதா என்று ஆண்டுக்கணக்கில் இழுபறி நடந்ததையும் பார்த்தோம். மத்திய அரசின் அந்தத் திட்டமே 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது, ஆனால் படம் காட்டுவது மட்டும் நிற்கவில்லை.

அதிகாரிகள் கூப்பிட்டுத் திரையில் காட்டிய படத்தில் நம் வீதியை நமக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு பைக் கிடையாது, சரக்கு இறக்கும் மினி லாரி கிடையாது, முனையில் பூ விற்கும் அக்காவும் இல்லை. டிரான்ஸ்பார்மர் நிற்கிற இடத்தில் குடை விரித்த பெஞ்சு, அதில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காபி குடிக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் எங்கே சார் போகும் என்று நம் துணைத்தலைவர் கேட்டதற்கு, "அது வேற டிபார்ட்மென்ட்" என்று பதில் வந்தது. சரி, பூக்கார அக்கா? அதற்கு அந்தப் பதில்கூட வரவில்லை. 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் யாரையும் எழுப்ப முடியாது என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அழகு வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லவில்லை. வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளின் முகப்பை, திண்ணையும் தாழ்வாரமும் கெடாமல், வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு சரிசெய்தார்கள், இன்றைக்கும் பார்க்க நன்றாக இருக்கிறது. நம் பயம் மட்டத்தைப் பற்றியது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, நம் கடைகள் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போகின்றன. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன தையல் கடைக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். இதன்மேல் இன்னொரு அடுக்கு சிமென்ட் கல் பதித்தால் மழைத்தண்ணீர் எங்கே போகும்? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பெரிய வாய்க்காலே நிரம்பி நிற்கும்போது நம் வீதியின் சின்ன வாய்க்கால் எதில் போய் வடியும், அதுவும் பாதி தூரம் சிலாப் போட்டு மூடி, தூர்வாரத் திறக்கவே முடியாதபடி இருந்தால்?

பக்கத்து வீதியில் பதித்த கல்லையும் போய்ப் பாருங்கள். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி, அடியில் மணலைச் சரியாகப் பரப்பி இறுக்காமல் அப்படியே திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மழை விட்ட பிறகு ஒரு முனையில் கால் வைத்தால் மறுமுனையிலிருந்து சேற்றுத் தண்ணீர் முழங்கால் வரை பீய்ச்சுகிறது. வேட்டி கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பதுதான் பெரிய சிக்கல். கவுன்சிலர் இருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். இங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல், அதுவும் 1968-க்கு அப்புறம் முதல்முறையாக. அந்தக் கவுன்சிலின் காலம் 2011-ல் முடிந்ததிலிருந்து எல்லாம் அதிகாரிகள் கையில். நல்லவர் ஒருவர் வந்து நாம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுப் புரிந்துகொள்வதற்குள் மாற்றலாகிப் போய்விடுகிறார், அடுத்தவருக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எனவே செயற்குழு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறது. முதலில் வாய்க்கால், பிறகுதான் கல். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்து, கடை வாசலைவிடத் தாழ்வாகப் போட வேண்டும். சரக்கு இறக்க இடமும் நேரமும் எழுத்தில் வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். பூக்கார அக்காவின் இடத்தை வரைபடத்தில் குறித்துக் காட்ட வேண்டும். விளக்குக் கம்பம் எந்த டிசைனில் இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. கடிதத்தை இன்றைய கூட்டத்தில் படித்து ஒப்புதல் வாங்கிய பிறகே அனுப்புவோம். புயலின்போது கடைக்குள் தண்ணீர் நின்ற படம் போனில் இருப்பவர்கள் துணைச் செயலாளரிடம் கொடுங்கள், கடிதத்தோடு இணைக்க வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்களும் அவரிடமே கட்டலாம்.