சம்பளமில்லாத ஆசிரியையின் கோப்பை முடித்துத் தரவும், சட்ட மேலவையை மீண்டும் அமைக்க அரசுக்குப் பரிந்துரைக்கவும் ஐந்தாம் முறையாகக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
பள்ளிக் குழுச் செயலர்,
அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி, ஆற்று வடகரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: உதவிபெறும் பள்ளி கணிதப் பட்டதாரி ஆசிரியைக்கு 2019 முதல் நியமன ஒப்புதல் வழங்காதது – ஆசிரியர்களுக்கென இருந்த சட்ட மேலவைப் பிரதிநிதித்துவத்தை மீண்டும் வழங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் 2022 மார்ச், 2023 ஜூலை, 2024 பிப்ரவரி, 2024 நவம்பர் மாதங்களில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நான் நேரில் கொடுத்த நான்கு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரைத் தங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மறுகால் உடைந்து கீழத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்த அன்று முழங்கால் சேற்றில் இறங்கி வந்து பார்த்தவர் தாங்கள். அன்றிரவு ஊர்ச்சனம் தங்கியது எங்கள் பள்ளியின் ஓட்டுக் கட்டடத்தில்தான். தங்களுக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்த ஆசிரியையிடம், "நீங்க எந்த கிளாஸ் டீச்சர்?" என்று அன்போடு விசாரித்தீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு என்றார். சம்பளம் வருகிறதா என்று கேட்கத் தங்களுக்குத் தோன்றியிருக்க வழியில்லை. யாருக்கும் தோன்றாது. அந்த ஆசிரியைக்காகத்தான் இந்த மனு.

1. முந்தைய நான்கு மனுக்களுக்கும் வந்த பதில் ஒன்றே: "தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது." மேலவை பற்றிய பகுதிக்கு மட்டும் "கொள்கை முடிவு சார்ந்தது" என்று ஒரு வரி கூடுதலாக வந்தது. இரண்டும் வேறு வேறு என்று தங்கள் அலுவலகம் பிரித்துப் பார்க்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று இந்த முறை விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

2. சென்னை மாகாணத்தில் 1937 முதல் பேரவை, மேலவை என இரண்டு அவைகள் இருந்தன. அரசியலமைப்பின் 171ஆம் பிரிவின்படி மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பது, இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பது. (உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே உள்ள ஆசிரியருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லை என்பது அன்றும் எனக்கு உடன்பாடில்லை.) நான் 1974இல் பணியில் சேர்ந்தவன். அந்த ஓட்டுச்சீட்டில் விருப்ப வரிசைப்படி 1, 2 என்று எண் எழுதிப் போட்டிருக்கிறேன். 1986 மே 14 அன்று பேரவையில் தீர்மானம் வந்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. ம.பொ.சி. தலைவராக இருந்த, 63 உறுப்பினர்கள் கொண்ட அவை அது. ஏன் கலைத்தார்கள் என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. கலைத்ததில் எங்களுக்குப் போனது என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

3. 1979இல் நிர்வாகத் தகராறு ஒன்றைக் காரணம் காட்டி எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ஐந்து மாதம் சம்பளம் நின்றது. எங்கள் ஆசிரியர் தொகுதி மேலவை உறுப்பினருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டோம். அவரும் வாத்தியார்தான். பத்தாம் நாள் மஞ்சள் பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கோப்பு எண்ணைக் கேட்டு டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். "சபையில கேள்வி போடுறேன்" என்றார், போய்விட்டார். நாங்கள் பெரிதாக நம்பவில்லை. ஆனால் சபையில் கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அமைச்சருக்குப் பதில் எழுதித் தர இயக்குநரகம் கோப்பைக் கேட்கும். இயக்குநரகம் கேட்டால் கீழே உள்ள அலுவலகம் அலமாரியைத் திறக்கும். திறந்தால் கோப்பு கிடைத்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். அந்தக் கேள்வி சபையில் எடுக்கப்படும் முன்பே எங்களுக்குச் சம்பளம் வந்துவிட்டது.

மேலவைக்கு அதிகாரம் குறைவு என்பது எனக்குத் தெரியும். பண மசோதாவைப் பதினாலு நாளுக்கு மேல் அவர்களால் நிறுத்தி வைக்க முடியாது. எங்களுக்கு அதிகாரம் வேண்டியதில்லை, ஐயா. கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும்.

4. இப்போது ஆசிரியையின் நிலை. 2019 மே மாதம் எங்கள் கணக்கு ஆசிரியர் ஓய்வுபெற்றார். அனுமதிக்கப்பட்ட பணியிடம். மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆகஸ்ட் 1 நிலவரப்படி செய்யும் பணியாளர் நிர்ணயத்திலும் அந்த இடம் உண்டு. இவர் எங்கள் பள்ளியிலேயே படித்தவர், என் மாணவி. தகுதித் தேர்வு இரண்டாம் தாள் தேறியவர். டவுனில் ஒரு மெட்ரிக் பள்ளியில் மாதம் பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டிருந்தார். நான்தான் வீட்டுக்கே போய், "வாம்மா, நம்ம ஸ்கூலு, கவர்மெண்டு சம்பளம்" என்று சொல்லிக் கூட்டிவந்தேன். நியமன ஆணையில் இருப்பது என் கையெழுத்து. ஐயா, அந்தக் கையெழுத்தைப் போட்ட நாளிலிருந்து இன்றுவரை அவருக்கு அரசுச் சம்பளம் ஒரு ரூபாய் வரவில்லை.

நியமனத்துக்கு ஒப்புதல் கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிய கருத்துரு முதலில் திரும்பியது, சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மைச் சான்று இல்லை என்று. வாங்கி வைத்தோம். இரண்டாம் முறை, வேறு பள்ளிகளில் உபரி ஆசிரியர் இல்லை என்பதற்குச் சான்று வேண்டும் என்று. அதைத் தர வேண்டியதே அவர்கள் அலுவலகம்தான்! மூன்றாம் முறை பள்ளிக் குழுத் தீர்மானப் புத்தகத்தின் பக்க எண் தெளிவாக இல்லையாம். நான்காம் முறை, பிரிவு எழுத்தர் மாறுதலில் போய்விட்டார், கோப்பு எங்கே என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்துத் திரும்பக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். தபால் பகுதியில் முத்திரை போட்டு வாங்கிய ரசீது என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு திருப்பி அனுப்பக்கூட இல்லை.

மாதக் கடைசி வேலைநாளில் மதியம் மூன்று மணி வாக்கில் எங்கள் ஆசிரியர் அறையில் வரிசையாகக் கைபேசிகள் சத்தம் போடும். பேங்க் மெசேஜ். அந்த நேரத்தில் இவர் எழுந்து, போர்டு அழிக்கணும் சார் என்று வகுப்புக்குப் போய்விடுவார். ஒரு தடவை நான் பின்னாலேயே போனேன். ஏற்கெனவே அழித்த போர்டை அழித்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். என்ன சொல்வது?

வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து தினமும் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. தேர்தல் பணிக்கு மட்டும் அவர் பெயர் தவறாமல் வருகிறது. போன ஆண்டு பத்தாம் வகுப்பில் எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கணக்கில் தோற்கவில்லை. வளையல் இரண்டும் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இருக்கின்றன, ஆண்டுக்கு ஒருமுறை வட்டி கட்டித் திருப்பி வைக்கிறார். பழைய மாணவர்கள் சேர்ந்து மாதம் ஐந்தாயிரம் கொடுத்து வந்தார்கள். கொரோனாவில் அதுவும் நின்றது. மற்ற ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். அதை அவர் சும்மா வாங்குவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பெயர், தொகை எழுதி, "அரியர் வந்ததும் கொடுத்துடுவேன்" என்று சொல்லித்தான் வாங்குகிறார். முதல் நோட்டு நிறைந்துவிட்டது, ஐயா. இரண்டாவது நோட்டு நடக்கிறது.

இதற்கு மேல் நான் என்ன எழுத வேண்டும்? எத்தனை நகல் வேண்டும்? யாருடைய மேசையில் போய் நிற்க வேண்டும்? எழுபத்தைந்து வயதில் இரண்டு பஸ் மாறி வருகிறேன். "சார் மீட்டிங்ல இருக்காரு" என்கிறார்கள். ஒருமுறை ஒரு இளைஞர், "மேலவையா? அப்படின்னா என்ன பெரியவரே?" என்று கேட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவர் பிறக்கும் முன்பே போய்விட்ட சபை. ஆனால் அவர் கையில்தான் எங்கள் கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பை ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று அவரைக் கேட்கத்தான் இன்று எவரும் இல்லை.

கோப்பை முடித்துக் கொடுங்கள், ஐயா.

5. எம்.எல்.ஏ.விடம் சொல்லலாமே என்பீர்கள். சொன்னோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரோடு, குடிதண்ணீர், பட்டா, சுடுகாட்டுப் பாதை என்று தொகுதி முழுக்க அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. 234 பேரில் ஆசிரியராக இருந்தவர்களும் உண்டு. ஆனால் ஆசிரியர் ஓட்டால் மட்டுமே ஜெயித்து, அடுத்த தேர்தலில் ஆசிரியரிடம் மட்டுமே வந்து நிற்க வேண்டியவர் ஒருவரும் இல்லை.

6. மேலவையைத் திரும்பக் கொண்டுவர 1989இல் தீர்மானம், 1991இல் அதை ரத்து செய்து தீர்மானம். 1996இல் மறுபடி, 2001இல் மறுபடி ரத்து. 2010 ஏப்ரல் 12 அன்று பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் தமிழ்நாடு சட்ட மேலவைச் சட்டம் 2010ஐ இயற்றியது. 78 இடங்கள்: உள்ளாட்சிக்கு 26, எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்க 26, நியமனம் 12, பட்டதாரிகளுக்கு 7, ஆசிரியர்களுக்கு 7. வாக்காளர் பட்டியல் எடுத்தார்கள். முந்தைய ஆறாண்டில் மூன்றாண்டு பணியாற்றியிருந்தால் ஓய்வுபெற்றவரும் சேரலாம். நான் 2008இல்தான் ஓய்வுபெற்றேன். படிவம் 19ஐப் பூர்த்தி செய்து, பணிச்சான்று இணைத்து, தாலுகா ஆபீஸில் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். அந்தச் சீட்டு மங்கிப்போய் இன்னும் என் கோப்புறையில் இருக்கிறது. தேர்தல் நடக்கவில்லை. ஆட்சி மாறியது. 2011 ஜூன் 7 அன்று வேண்டாம் என்று தீர்மானம். அந்தச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதா 2012இல் மாநிலங்களவைக்குப் போனது, நிறைவேறவில்லை. ஆக 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கிறது. ஏட்டில் இருக்கிற சட்டம், பதிவேட்டில் இருக்கிற கையெழுத்து. எங்களுக்கு எல்லாமே காகிதத்தில்தான் இருக்கிறது.

7. தேர்தலில் தோற்றவர்களுக்குப் புகலிடம், வீண் செலவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். புகலிடமாக ஆனதும் உண்டு, மறுக்கவில்லை. ராஜாஜி 1952இல் நியமன உறுப்பினராக வந்துதான் முதலமைச்சரானார், அந்தச் சர்ச்சையும் எல்லோருக்கும் தெரியும். அண்ணாவும் முதலமைச்சராக இருந்தபோது மேலவை உறுப்பினர்தான். நியமன இடத்தைக் குறைக்கட்டும், கட்டுப்பாடு போடட்டும். ஆனால் யாரோ பின்வாசல் வழியாக வருகிறார்கள் என்று வாத்தியார் நின்றிருந்த வாசலையும் சேர்த்து அடைத்தது எந்த நியாயம்? ஆந்திரத்தில் 1985இல் கலைத்தார்கள், 2007இல் திரும்ப அமைத்தார்கள். 2020இல் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, 2021இல் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கர்நாடகத்தில் இன்றும் ஆசிரியர் தொகுதி இருக்கிறது. அங்கே உள்ள ஆசிரியருக்கு இருக்கும் ஓட்டு இங்கே ஏன் இல்லை?

8. செலவு என்கிறார்கள். அந்த நோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே ஐயா அவர்களிடம் மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்வது:

(அ) கணித ஆசிரியையின் நியமன ஒப்புதல் கோப்பை நேரில் வரவழைத்துப் பார்த்து, ஒப்புதல் தர வேண்டும். தர முடியாது என்றால் முடியாது என்று காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். எழுத்தில் தந்தால் நீதிமன்றமாவது போவார். இரண்டும் இல்லாமல் ஆறு ஆண்டுக்கு மேல் ஒருவரை வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது.

(ஆ) 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மேலவையை அமைக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்ற இக்கோரிக்கையை, "துறைக்கு அனுப்பப்பட்டது" என்று முடித்துவிடாமல், தங்கள் பரிந்துரைக் குறிப்போடு தலைமைச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். இது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்பது எனக்குத் தெரியும். பேரவை தீர்மானிக்க வேண்டியது. ஆனால் மாவட்டத்தில் நடப்பதை மேலே எழுதும் கடமை தங்களுக்கு உண்டு. எழுதுங்கள், ஐயா. உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் கேட்க நாதியில்லாமல் இருக்கிறார்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

(இ) முதலில் (அ)வைச் செய்யுங்கள். மேலவை வர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அந்தப் பிள்ளைக்குத் தாங்குமா?

நியமன ஆணை, பள்ளிக் குழுத் தீர்மானம், நான்கு முறை திரும்பிய கருத்துருக்களின் நகல், முந்தைய மனு ரசீதுகள், 2010ஆம் ஆண்டு ஒப்புகைச் சீட்டின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நோட்டின் நகல் கேட்டேன், ஆசிரியை தர மறுத்துவிட்டார்.

பதில் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் டோக்கன் எடுத்து வரிசையில் நிற்பேன். தாங்கள் என்னை ஒருமுறை அழைத்து உட்காரவைத்துக் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பள்ளிக் குழுச் செயலர்