துப்பாக்கி ரிப்பேர் வேலைக்குப் போக நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடிக்கப் போகிறாய், பட்டாளத்தில் ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். நம் வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊரில்கூட, துப்பாக்கி பிடித்தவர்கள்தான் அதிகம். அதைப் பிரித்துப் பழுது பார்த்தவர்கள் குறைவு. அதனால் வேலையின் உள்விவரத்தையே எழுதுகிறேன்.

மேஜைக்கு வரும் எந்தத் துப்பாக்கியானாலும் முதலில் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்று. அப்புறம் காக் செய், அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைப் பின்னால் இழு. தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பார். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசின் இருக்கும்போதே காக் செய்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறிவிடும். விழுந்ததைப் பார்த்துவிட்டு 'காலி' என்று நம்பி டிரிகரை இழுத்தால் எதிரில் இருப்பவன் உயிர் போகும்.

அடிக்கடி வரும் புகார், 'காலி உறை வெளியே வரலை' என்பது. கேட்டதுமே எக்ஸ்ட்ராக்டரை, அதாவது உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கியை மாற்றுகிறவர்கள் உண்டு. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கிற வேலை அது. சிக்கிய உறையைக் கையில் வாங்கி அதன் அடிவிளிம்பைப் பார். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைபிளின் 5.56 மி.மீ. தோட்டாவில் அந்த அடி 10 மி.மீ. அகலம்கூட இருக்காது, ஆனால் பாதி பதில் அதில்தான் இருக்கிறது. விளிம்பு பிய்ந்திருந்தால் கொக்கி தன் வேலையைச் செய்துவிட்டது, உறைதான் அறையில் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அறையில் கரியையோ துருக்குழியையோ தேடு. லேசான கீறல் மட்டும் என்றால் கொக்கி நழுவியிருக்கிறது. முனை மழுங்கியதா, உடைந்ததா, அடியில் கரி அடைத்ததா, ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்.

உறை வெளியே வந்தும் துவண்டு பக்கத்திலேயே விழுந்தால் போல்ட் முழுசாகப் பின்னால் போகவில்லை. போல்ட்டைப் பின்னால் தள்ளுவது வெடித்த மருந்தின் வாயு (கேஸ்). அது வரும் கேஸ் துளையிலும், அது தள்ளும் பிஸ்டனிலும் கரி, இல்லாவிட்டால் வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தவறான இடத்தில். எதுவானாலும் கேஸ் துளையில் டிரில் பிட்டை விடாதே. துளை பெரிசானால் பெரிசானதுதான்.

வேலையின் உயிர்நாடி ஹெட்ஸ்பேஸ்: போல்ட் முகத்துக்கும், அறையில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். இதற்கு இரண்டு கேஜ் (அளவுக் கட்டை). 'கோ' வைத்தால் போல்ட் பூட்ட வேண்டும்; 'நோ கோ' வைத்தால் பூட்டக் கூடாது. எக்ஸ்ட்ராக்டரைக் கழற்று, கேஜையும் அறையையும் துடை, விரல் பலத்தில் மட்டும் போல்ட்டைத் தள்ளு. இடித்துத் தள்ளினால் கேஜ் சொல்வது பொய். தூரம் கூடியிருந்தால் சுடும்போது உறை நீண்டு அடிப்பக்கம் கிழியும். கொதிக்கிற கேஸ் சுடுகிறவன் முகத்துப் பக்கம் பாயும். தேய்மானம் ஒரு காரணம். இன்னொன்று, பத்துத் துப்பாக்கியை ஒரே மேஜையில் பிரித்துத் துடைக்கும்போது போல்ட் மாறிப்போவது. போல்ட்டிலும் துப்பாக்கியிலும் உள்ள எண்களை வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார்த்த பிறகே பூட்டு.

குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றைக் கோணலாக இழுத்தால் குழல் வாய் ஒரு பக்கம் அரைபடும், குறி தப்பும். எண்ணெயும் கவனம். நம் ஊர் கத்திரி வெயிலில் பிரச்சினை தராத கனத்த எண்ணெய் லடாக் குளிரில் இறுகிவிடும். தோட்டாவின் அடியைத் தட்டும் ஃபயரிங் பின் மெதுவாகப் போய்த் தட்ட, தோட்டா வெடிக்காது.

சேருவது பற்றிச் சுருக்கமாக. இந்த வேலை ராணுவத்தின் கருவிகளைப் பழுது பார்க்கும் ஈ.எம்.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ்) படைப்பிரிவுடையது, அவர்களின் படைநாள் அக்டோபர் 15, தொடங்கிய ஆண்டு 1943. 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி நான்கு வருடம் பணி, அதன்பின் 25 சதவீதம் பேர்வரைதான் தொடர முடியும். நம் மாவட்டம் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. முதலில் ஆன்லைன் தேர்வு, பிறகுதான் ஓட்டம். ஆர்மரர் டிரேடுதான் வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது, அவர்கள் ஒதுக்குவதுதான். ஆகவே 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் அப்ரண்டிஸ் அறிவிப்பையும் பார்த்துக்கொண்டே இரு.

அதுவரை அரம் பிடிக்கிற நேரத்தைவிட அளக்கிற நேரம் கூடட்டும். வெர்னியரில் 0.02 மி.மீ.யைத் தடுமாறாமல் படிக்க வேண்டும். 'கோ', 'நோ கோ' பிளக் கேஜ் உங்கள் ஒர்க்ஷாப் அலமாரியிலேயே இருக்கும். இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு வாங்கி, நீ ரீமர் போட்டு அளவுக்குச் சீராக்கிய துளையில் விட்டுப் பார். 'நோ கோ' உள்ளே போனால் துளை பெரிசாகிவிட்டது, அந்த ஜாபை ஒதுக்கிவிட்டு அடுத்த துண்டை எடு.

அன்புடன்,
ஊர்க்காரன்