எழுத்துக்கூட்டி எழுதிய நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

இந்த மடலை எழுத எனக்கு ஏழு இரவுகள் பிடித்தன. ஏன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பெந்தெகொஸ்தே ஞாயிறு. வேதம் வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். ஆயர் ஐயா முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போஸ்தலருடைய நடபடிகள், இரண்டாம் அதிகாரம். பார்த்தரும் மேதரும் எலாமீத்தரும், கப்பத்தோக்கியாவும் பம்பிலியாவும் வரிசைகட்டி நிற்கிற பகுதி. தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்கே நாக்குப் புரளும். எனக்கோ பக்கம் முழுவதும் எறும்புகள்.

அதுவரை பதினொரு ஆண்டுகள் நான் வாசித்ததெல்லாம் ரூமி எழுத்தில், அதாவது மலாய் மொழியை எழுதப் பயன்படுத்தும் ஆங்கில எழுத்துகளில். வெள்ளிக்கிழமை இரவு அக்கா தொலைபேசியில் வாசிக்க வாசிக்க, நான் மலாய் எழுதுவதுபோல எழுதிக்கொள்வேன். தாளை வேதாகமத்துக்குள் செருகிவிட்டால் யாருக்கு என்ன தெரியும்? "எவ்வளவு தெளிவாக வாசிக்கிறாய்" என்று நீங்கள் பாராட்டியபோது "ஸ்தோத்திரம்" என்று வேறு சொல்லியிருக்கிறேன். வீட்டில் மகள் தமிழ்ப் பாடத்தைக் கொண்டுவந்தால் மூக்குக்கண்ணாடியைத் தேடுவேன். அது என் தலைமேல்தான் இருக்கும்.

வெட்கம்தான் காரணம். ஹட்சிங்ஸ் பாதிரியார் 1816-இல் இதே பினாங்கில் தொடங்கிய பள்ளியில்தான் மலேசியாவின் தமிழ்க் கல்வி பிறந்தது. 2016-இல் அதன் இருநூறாம் ஆண்டைப் பற்றி ஊரே பேசியபோது நானும் சேர்ந்து பெருமைப்பட்டேன், என் பெயரைக்கூடத் தமிழில் எழுதத் தெரியாமல்.

அன்று மேடையில் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். முன்பு இரண்டு முறை அப்படித் தப்பித்திருக்கிறேன். ஆனால் சற்று முன்புதான் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லி முடித்திருந்தோம். கூட்டத்தோடு கூட்டமாகப் "பாவி" என்பது எளிது, யாருக்கும் உறைக்காது. தனியே நின்று "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இத்தனை நாள் உங்களை ஏமாற்றினேன்" என்றபோதுதான் முழங்கால் நடுங்கியது.

ஆயர் ஐயா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. நீங்கள் அதை வைத்து ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். செய்யவில்லை. பக்கத்தில் வந்து நின்று, "நான் சொல்லச் சொல்ல நீங்கள் சொல்லுங்கள்" என்றீர்கள். பம்பிலியாவில் நீங்களும் தடுமாறினீர்கள். வேண்டுமென்றே தடுமாறினீர்களா என்று இன்றுவரை கேட்கவில்லை.

டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போனபின், "செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னீர்கள். ஜெலுத்தோங்கில் உங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசை, நாலுகோட்டு நோட்டு, ஒரு பென்சில். ரப்பரை எடுத்து ஒளித்துவைத்துவிட்டீர்கள். "தப்பை அழிக்காதே. ஒரு கோடு போட்டுப் பக்கத்திலேயே சரியாக எழுது." முதல் மாதம் "கிருபை" என்பதைக் "கிறுபை" என்று பதினொரு முறை எழுதியிருக்கிறேன். பதினொன்றும் கோட்டோடு அப்படியே இருக்கின்றன. என் ழகரத்தைக் கேட்டுச் சிரித்து, சிரித்த கையோடு நாக்கை மடித்துக் காட்டிய உங்கள் பேரனுக்கும் நன்றி. மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன் அன்று எனக்கு வாத்தியார்.

படிக்கத் தொடங்கிய பின் மறைந்த என் அம்மாவின் வேதாகமத்தைத் திறந்தேன். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சு அது. "லை", "னை" எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். யோபுவின் புத்தகத்தில், ஓரத்தில், பென்சிலில் அம்மாவின் கையெழுத்து. ஒரே ஒரு சொல். தும்பிக்கையோடு இருந்த கடைசி எழுத்தை டீச்சரிடம் காட்டிக் கேட்ட பிறகுதான் முழுதாக வாசிக்க முடிந்தது: "புரியவில்லை."

நாற்பது ஆண்டுகள் ஒரு ஞாயிறும் தவறாமல் ஆலயத்துக்கு வந்தவர் அம்மா. ஜெபிக்கச் சொன்னால் கடகடவென்று ஜெபிப்பார். அவருக்கும் புரியாத இடம் இருந்திருக்கிறது. அதை ஆண்டவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில் எழுதிவைத்திருக்கிறார். அன்றிரவு நெடுநேரம் அந்தப் பக்கத்தை மூடவில்லை.

அந்த ஞாயிறுக்குப் பின் மூவர் தனித்தனியாக என்னிடம் வந்து, தங்களுக்கும் ரூமிப் பாட்டுத் தாள்தான் துணை என்றார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் காட்டிய நம்பிக்கைக்கு நன்றி. இப்போது செவ்வாய்க்கிழமை மேசையில் நான்கு நோட்டுகள். என் கணவருக்கும் நன்றி: செவ்வாய் இரவுச் சமையல் அவருடையது, ரசத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. மகளே, இப்போது கண்ணாடி மூக்கின்மேலேயே இருக்கிறது, நோட்டைக் கொண்டுவா.

"வீட்டுச் சங்கதியை மேடையில் ஏன் சொன்னாய்?" என்று என் சொந்தத்தில் ஒருவருக்கு இன்னும் கோபம். இருக்கட்டும். அவருக்கும் இந்த மடலில் ஒரு படி போகும்.

இதிலிருந்த எழுத்துப்பிழைகளை டீச்சர்தான் திருத்தினார், பதினான்கு கோடுகள்.

வரும் ஞாயிறு வாசிப்பு என்னுடையது. ரோமர் பதினாறாம் அதிகாரம், பவுல் வரிசையாக வாழ்த்துச் சொல்லும் பகுதி, மறுபடியும் பெயர்கள்தான். ரூமித் தாள் இருக்காது. நான் நின்றுவிட்டால் முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் எடுத்துக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி,
ஜார்ஜ் டவுன், பினாங்கு