அறுபத்தொரு நாட்களைச் சேர்ந்து அளந்திடுங்கள்: பாக் விரிகுடாப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கு,

வணக்கம். அண்ணாமலை, அழகப்பா, மதுரை காமராசர் பல்கலைக்கழகங்கள், நாகப்பட்டினத்தில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம், அக்கரையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆகிய ஐந்துக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் தனித்தனியாகத்தான் பதில் வரும்.

ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள் 2015இல் ஏற்கப்பட்டன. அதன்பிறகு அந்த வண்ணச் சக்கரம் இல்லாத கருத்தரங்கப் பதாகையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. 2019 முதல் இந்த இலக்குகளை வைத்து உலகத் தரவரிசை ஒன்றும் வருகிறது. அதற்கு விண்ணப்பிக்க உறுதிமொழி, மரக்கன்று, புகைப்படம் எல்லாம் வேண்டியிருக்கிறது. இரண்டு பல்கலைக்கழகங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுச் சால்வை மாற்றிக்கொண்டால் 17ஆம் இலக்கான கூட்டாண்மை முடிந்ததாகக் கணக்கு.

நான் கேட்க வந்தது 14ஆம் இலக்கைப் பற்றி, அதாவது கடலைப் பற்றி. அளவுக்கு மீறிய மீன்பிடியை நிறுத்த வேண்டும், அறிவியல் அடிப்படையில் மீன்வளத்தைப் பேண வேண்டும் என்பது அதிலுள்ள துணை இலக்குகளில் ஒன்று. அதற்கு வைத்த கெடு 2030 கூட இல்லை, 2020. கெடு தாண்டிப் போனதைப் பற்றி எந்த வளாகத்திலும் ஒரு கூட்டம் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

உங்கள் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் இடையில் இருப்பது பாக் விரிகுடா. பெரும்பகுதியில் பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். அழகப்பாவுக்குத் தொண்டியில் கடலியல் துறை இருக்கிறது. அண்ணாமலைக்குப் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. காமராசருக்குப் புதுமடத்தில் நிலையம். யாழ்ப்பாணத்தில் மீன்வளத்துக்கென்றே தனித் துறை. ஆள் பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கடலைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கிறது. ராமேஸ்வரத்துக்காரர் எல்லை தாண்டாமல் பிழைக்க வழியில்லை என்கிறார். அக்கரையில் பேசாலைக்காரரும் நெடுந்தீவுக்காரரும் இழுவைப்படகு வந்து அடிமண்ணோடு வழித்துப் போகிறது, எங்கள் வலையையும் அறுத்துப் போகிறது என்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் பின்னால் வரலாறு உண்டு. போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தபோது இந்தப் பக்கத்து விசைப்படகுகள் பெருகின. 2009இல் போர் முடிந்து அவர்கள் மீண்டும் வலையை எடுத்தபோது கடல் பழைய கடலாக இல்லை. 2017இல் இலங்கை இழுவைமடியை, அதாவது கடலடியை வழித்து இழுக்கும் வலையை, சட்டம் போட்டுத் தடுத்தது. குருநகரில் இழுவைப்படகு வைத்திருந்தவர்களுக்கும் அது அடிதான். அதே ஆண்டு இந்தப் பக்கம் ஆழ்கடல் திட்டம் வந்தது. மூன்று ஆண்டுகளில் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது, படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம் என்றார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பாக் விரிகுடாவிலேயே வளர்ந்த மீனவருக்கு ஆழ்கடல் சூரை வேறு தொழில், வேறு கணக்கு.

இரு நாட்டு அதிகாரிகள் கூடிப் பேச 2016இல் கூட்டுப் பணிக்குழுவும் அமைந்தது. அந்த மேசையில் இருவரும் நம்பும் ஒரே கணக்கு வேண்டாமா? அதைக் கொடுக்க வேண்டியது யார், நீங்கள்தானே?

நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலைப் பாருங்கள். நார்வே நேட்டோவில், எதிரே சோவியத் ஒன்றியம். பனிப்போர் நடக்கும்போதே, 1970களின் நடுவில், இரு நாடுகளும் கூட்டு மீன்வள ஆணையம் அமைத்தன. நார்வேயின் பெர்கன் ஆய்வாளர்களும் சோவியத்தின் முர்மான்ஸ்க் ஆய்வாளர்களும் காட் மீன் இருப்பைச் சேர்ந்து மதிப்பிட்டார்கள். அரசியலில் ஒத்துப்போனதால் அவர்கள் சேரவில்லை. மீன் ஒன்று, கணக்கு இரண்டாக இருந்தால் இரண்டு பேருக்கும் நட்டம் என்று தெரிந்துதான் சேர்ந்தார்கள்.

சரி, நம்மால் என்ன முடியும்? ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு போடும் தடையால், தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. யாரும் பணம் செலவழிக்காமலே நமக்குக் கிடைக்கும் பரிசோதனை இது. தடை தொடங்குவதற்கு முந்தைய வாரமும் முடிந்த மறுவாரமும் இரு கரைகளிலும் ஒரே முறையில் அளந்தால், இழுவை நின்ற அறுபத்தொரு நாட்களில் என்ன மாறியது என்று சொல்ல ஒரு பிடிமானம் கிடைக்கும். ஓர் ஆண்டு போதாது. காற்றும் நீரோட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஐந்து ஆண்டுகள் விடாமல் செய்தால் பேசத் தகுந்த ஒன்று கையில் இருக்கும்.

அளப்பது என்றால் கப்பல் வேண்டாம். மண்டபத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகு கரைக்கு வந்ததும் விலைபோகிற மீன் ஒரு பக்கம் போகும், சங்காயம், அதாவது விலைபோகாத பொடிமீனும் குஞ்சும், ஒரு பக்கம் குவியும். கோழித் தீவனத்துக்குப் போகிற அந்தக் குவியலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், பாக் விரிகுடாவின் எதிர்காலம் அதில்தான் கிடக்கிறது. ஒரு கூடை சங்காயத்தைப் பிரித்து, எந்த இனத்துக் குஞ்சு எத்தனை, என்ன நீளம், முதல் முட்டை வைக்கும் அளவை எட்டியதா என்று எழுத வேண்டும். முதுகலை மாணவர் இருவர், ஓர் அளவுகோல், ஒரு தராசு, ஒரு காலை நேரம் போதும். அக்கரையில் இழுவைமடிக்குத் தடை இருப்பதால் அங்கே நண்டு வலையிலும் செவுள் வலையிலும் விழுவதை அளக்கலாம். நீலக்கால் நண்டு இரு கரைக்கும் பொது, அதிலிருந்தே தொடங்கலாம். கடல் அட்டையும் அப்படித்தான். இங்கே 2001 முதல் பிடித்தாலே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அங்கே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். அதற்குத் தனி மடலே எழுதலாம்.

டெல்லியும் கொழும்பும் அனுமதி தர வேண்டுமே என்பீர்கள். சேர்ந்து கடலுக்குப் போகத்தான் அனுமதி வேண்டும். ஒரே அளவீட்டு முறையை ஒப்புக்கொண்டு, அவரவர் கரையில் அவரவர் அளந்து, முடிவை எல்லோரும் பார்க்க வெளியிடுவதற்குப் பெரிய தடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒப்பந்தம் அப்புறம் வரட்டும்.

நிஜமான தடை உங்கள் அலுவலகங்களிலேயே இருக்கிறது. முனைவர் பட்ட மாணவர் ஓர் இடத்தைத் தேர்ந்து, மூன்று நான்கு ஆண்டுகள் அளந்து, கட்டுரை போட்டு, பட்டம் வாங்கிப் போய்விடுகிறார். அவருடைய அளவீடுகள் பென் டிரைவில் தூங்குகின்றன. அடுத்து வருபவர் வேறு முறையில் முதலிலிருந்து தொடங்குகிறார். வருடக்கணக்காக ஒரே அளவை எடுப்பவருக்கு உங்கள் விதிகளில் மதிப்பெண் இல்லை. இதை மாற்ற ஆட்சிமன்றத் தீர்மானம் போதும், ஐ.நா. வர வேண்டியதில்லை.

முடிவுகளைத் தமிழில் எழுதி மீனவர் சங்கங்களுக்குக் கொடுங்கள். இரு கரையிலும் படிப்பது தமிழ்தான். இந்த வசதி பேரன்ட்ஸ் கடல்காரர்களுக்கு இருக்கவில்லை. அளக்கும்போதே சங்கத்து ஆட்களையும் உட்கார வையுங்கள், இல்லையென்றால் கணக்கை இருவருமே நம்பமாட்டார்கள்.

முதல் வேலையாக ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் ஓர் ஆசிரியரையும் ஒரு மாணவரையும் நியமியுங்கள். அளவீட்டு முறையை இரண்டு பக்கத்துக்குள் எழுதச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023இல் பயணிகள் கப்பல் தொடங்கியது. அது ஓடும் மாதமாகப் பார்த்து ஒருமுறை நேரில் உட்கார்ந்தால் போதும். ஏப்ரலுக்கு முன் அந்த இரண்டு பக்கம் தயாராகிவிட்டால், வருகிற தடைக்கு முந்தைய வாரத்திலேயே முதல் கூடையைப் பிரிக்கலாம்.

அன்புடன்,
பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒரு வாசகன்